தோளுக்கு மேலே

அந்த நாட்களில் அவன் எதையும் கையில் தரமாட்டான். எறிவான். கதவுத் திறப்பு, பேனை, ரெலிபோன் கார்ட், பாதிப் பாண், ஒருநாள் அவித்த முட்டை. முட்டை என் நெற்றியில் பட்டு மூக்குக் கண்ணாடியையும் இழுத்துக்கொண்டு கீழே விழுந்தது. வேறு யாராவது என்றால் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அவன் என்னைத்தான் குற்றம் சொன்னான்.

"பந்து வாற இடத்துக்குக் கை போகவேணும் அண்ணை. நீங்கள் கையை ஒரு இடத்திலை வைச்சுக்கொண்டு பந்து அங்கை வரும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியள்."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணைக்குக் கை இல்லை. பேனைதான் இருக்கு" என்றான். அன்றிலிருந்து அவன் வேலை செய்த கடையில் எல்லோருக்கும் நான் பேனை அண்ணை ஆகிவிட்டேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒளிக்காமல் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் பிரெஞ்சில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்தவர்களை அப்போது விரல் விட்டு எண்ணலாம்.

அவன் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் ஆட்களிடையே காலையில் ஒரு பெயரைச் சொன்னால் மத்தியானத்துக்குள் அது புறநகரான ஓல்னே வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதைவிட, இந்தக் கதையில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அது அவனுடைய கோப்புக்குள் இன்னும் கிடக்கிறது. பெயரை மறைப்பது அவனைக் காப்பாற்றவா என்னைக் காப்பாற்றவா என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது.

அவன் வேலை செய்தது ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு மரக்கறிக் கடையில். காலையில் சாமான் வான் வரும்போது கடை வாசலில் நிறுத்த இடம் இருக்காது. எதிர்ப்பக்கத்தில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டும். அவன் வந்த பிறகு தேங்காய்கள் பறந்து கடந்தன. வானுக்குள் நின்று அவன் எறிய, கடை வாசலில் நிற்பவர் பிடித்து அடுக்குவார். நடுவில் ஆட்கள் போவார்கள், வண்டிலில் குழந்தைகள் போகும், நகைக்கடைக்கு வந்த பெண்கள் போவார்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு கத்துவார். ஒரு தேங்காய்கூடக் கீழே விழுந்ததில்லை.

கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் புதுச்சேரி மதாம் ஒருவர் தனியே இருந்தார். கணவர் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் இருந்து காலமானவர். பழைய கட்டடம், லிப்ட் கிடையாது, மதாமுக்கு முழங்கால் வருத்தம். கறிவேப்பிலை வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து ஒரு பையைக் கயிற்றில் இறக்குவார். அந்தக் கயிறு இரண்டாம் மாடிக்காரரின் பூச்சட்டிகளில் சிக்கி வாரத்துக்கு ஒரு சண்டை வரும். அவன் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் அந்தக் கயிற்றைப் பார்த்தான்.

"கயிறு என்னத்துக்கு மதாம்? ஜன்னலை விட்டுக் கொஞ்சம் விலகி நில்லுங்கோ."

கறிவேப்பிலைக் கட்டுக்குள் பாரத்துக்கு, ஊறுகாய் போடும் தேசிக்காய் இரண்டை வைத்துக் கட்டினான். தெருவின் நடுவுக்குப் போனான். கை பின்னால் போனதும் முன்னால் வந்ததும்தான் எங்களுக்குத் தெரிந்தது. மேலே ஏதோ மூடி விழுந்து உருளும் சத்தம் கேட்டது. மதாம் தலையை நீட்டினார்.

"மோன் தியே! சோபா மேல போய் உக்காந்திருக்கு தம்பி!"

தெருவே கைதட்டியது. அவன் அதற்குள் கடைக்குள் போய் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தான். எறிந்த பிறகு அது எங்கே போய் விழுகிறது என்று அவன் பார்க்கமாட்டான். கேட்டால், போனது போய்விட்டது என்ற மாதிரி ஒரே பதில்தான்.

"கையை விட்டது போட்டுது அண்ணை."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்னே-சூ-புவாவுக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் அவன் பேஸ்போல் நடுவராக நிற்கிறான். முகமூடி, மார்புக் கவசம், கறுத்தச் சட்டை. ஒருவன் அவுட் என்றால் நடுவர் வலது முஷ்டியை உயர்த்த வேண்டும். அவன் இடது கையை உயர்த்துவான். ஒருமுறை வெளியூர்க் குழுவின் பயிற்சியாளர் வந்து, இது என்ன புதுவிதமான சைகை என்று சண்டைக்கு நின்றார். "எந்தக் கையைத் தூக்கினாலும் அவுட் எண்டால் அவுட்தான் மிசியூ" என்பதை அவன் தன்னுடைய பிரெஞ்சில் சொன்னான். அந்த மனிதர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கம்பி வேலிக்கு வெளியே நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வலது கை ஏன் உயரவில்லை என்று அந்த மைதானத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

யாழ்ப்பாணத்தில் அவன் படித்த கொலிஜில் அவன் சேராத விளையாட்டு இல்லை. கிரிக்கெட்டில் முதல் ஓவர் அவனுக்கு. ஃபுட்போலில் இடது பக்க ஓட்டம் அவனுக்கு. விளையாட்டுப் போட்டியில் ஈட்டி எறிந்தபோது அது மைதானம் கடந்து பக்கத்து வளவுக்குள் போய்க் குத்தியதாம். வளவுக்காரர் அதைத் திருப்பிக் கொடுக்காமல் உடுப்புக் காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டாராம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சோடனை என்று நான் விசாரிக்கவில்லை. எல்லாவற்றிலும் அவனுக்குப் பிடித்தது எல்லே. மூங்கில் தடியால் ரென்னிஸ் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற விளையாட்டு. ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து அடித்தால் அவன் அவுட். அந்த எறியில் தன்னை வெல்ல வடமாகாணத்திலேயே ஆள் இல்லை என்பான். அதை மட்டும் நான் நம்பினேன்.

போர் முடிந்த அடுத்த வருடம் அவனுடைய தமையனை வீட்டுப் படலையில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். தமையன் திரும்பவில்லை. தேடி முகாமுக்குப் போன இவனைப் பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அப்போது அவனுக்குக் கலியாணம் முடிந்து எட்டு மாதம். மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். வீட்டார் எதையெதையோ விற்று அவனை இங்கே அனுப்பினார்கள். அகதிக் கோரிக்கை முதல்தரம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு எழுத அவன் என்னிடம் வந்தான்.

நான் எழுதிய இடம் ஒரு ரெலிபோன் கடையின் பின்பக்கம். ஒரு மேசை, இரண்டு கதிரை, தலைக்கு மேலே மெத்ரோ போகும்போது தேத்தண்ணிக் கோப்பை நடுங்கும். அங்கே நான் எத்தனையோ பேருடைய கதையைப் பிரெஞ்சில் எழுதியிருக்கிறேன். எந்தக் கதை வெல்லும், எந்தக் கதை தோற்கும் என்று வாசித்தவுடன் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

"உடம்பிலை தழும்பு ஏதும் இருக்கோ?"

"முழங்காலிலை ஒண்டு இருக்கு. ஃபுட்போல் விளையாடேக்கை பட்டது."

"பதினொரு நாளும் என்ன செய்தவங்கள்?"

"என்னைப் பெரிசா அடிக்கேல்லை அண்ணை. நிப்பாட்டி வைச்சவங்கள். பக்கத்து அறையிலை ஆரோ கத்திறது கேக்கும். அண்ணன்ரை குரல் மாதிரி இருக்கும். அவரோ, வேறை ஆரோ எண்டு இப்பவும் எனக்குத் தெரியேல்லை."

அதைச் சொல்லிவிட்டு அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குரலை எப்படி நிரூபிக்கிறது என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஒரு குரலை எந்த நீதிபதி நம்புவார்? உடம்பில் ஒன்று வேண்டும். அதுதான் என் அனுபவம், என் கெட்டித்தனம்.

"கை எண்டு எழுதுவம்" என்றேன். "வலது தோளிலை அடிச்சவங்கள். கை தோளுக்கு மேலை உயராது."

அவன் முகம் மாறிவிட்டது.

"கையை விடுங்கோ அண்ணை. கால் எண்டு எழுதுங்கோ."

"காலெண்டால் நீ உள்ளுக்கு நடந்து வரேக்கையே பாத்துப்போடுவினம். கையை ஆர் பாக்கப்போகினம்? அங்கை உன்னைத் தேங்காய் எறியச் சொல்லமாட்டினம்."

என் பகிடிக்கு நானே சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வலது கையை மடியில் வைத்து இடது கையால் பொத்திக்கொண்டிருந்தான். அவன் சொன்னதையும் எழுதினேன், நான் சொன்னதையும் எழுதினேன். தோள் நோகிறது, உயர்த்த முடியவில்லை என்று அவன் சொல்ல, ஒரு வைத்தியர் அதை அப்படியே ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தார்.

வழக்கு நாளன்று நான் பின்வரிசையில் போய் இருந்தேன். நீதிபதி வயதான ஒரு பெண்மணி. கையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவன் கையைத் தூக்கித் தோளோடு நிறுத்திக் காட்டினான். பிறகு அவர் பக்கத்து அறைக் குரலைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். எத்தனை நாள் கேட்டது, என்ன சொல் கேட்டது, ஏன் தமையன் என்று நினைத்தாய், ஏன் இல்லை என்று நினைத்தாய். அவன் பதில் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அழுதுவிட்டான். வெளியே வந்ததும் நான் முதுகில் தட்டி, "அழுதது நல்லது. கைக்கு நல்லாப் பொருந்தினது" என்றேன். இன்றைக்கு அந்த வார்த்தையை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தீர்ப்பு தபாலில் வந்தது. லாச்சப்பலில் அந்தக் கடித உறையை எல்லோரும் ஒரே மாதிரித்தான் திறப்போம். முதல் பக்கத்தைப் பார்க்கமாட்டோம். நேரே கடைசிப் பக்கம், அதிலும் கடைசி வரி. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்று இருந்தால் கடைக்குள் ஒரு கூச்சல், எல்லோருக்கும் வடையும் தேத்தண்ணியும். மற்றப் பக்கங்களை யாரும் வாசிப்பதில்லை. பிரெஞ்சு தெரிந்த நானும் வாசித்ததில்லை. அன்றும் கடைசி வரியை உரக்க வாசித்தேன். அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். "பேனை அண்ணை, பேனை அண்ணை" என்று கடையே கத்தியது. கடதாசியை மடித்து உறைக்குள் வைத்து அவனிடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் பேஸ்போல் வந்தது. வன்சென் காட்டுப் பக்கம் எங்கள் பெடியள் ஞாயிறுகளில் கிரிக்கெட் விளையாடுவார்கள். பக்கத்தில் பேஸ்போல் திடல். ஒருநாள் அங்கிருந்து ஒரு பந்து இவன் காலடிக்கு வந்தது. எடுத்து எறிந்துவிட்டு வழக்கம்போலத் திரும்பி நடந்தான். அது அந்தத் திடலின் மறுமுனையில் குந்தியிருந்தவனின் கையுறைக்குள் போய் விழுந்ததாம். அங்கிருந்து ஒரு கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வெனிசுவேலாக்காரர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர்தான் பிறகு இவனுடைய கோச்.

முதல் ஆட்டத்துக்கு நானும் போனேன். பந்தை அடித்துவிட்டு இவன் மட்டையோடு ஓடினான். கிரிக்கெட் பழக்கம். "மட்டையைப் போடு, மட்டையைப் போடு!" என்று கோச் பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் கத்த, இவன் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். அது பரவாயில்லை. பிறகு பந்து தடுக்கும்போது எதிர்ப்பக்கத்தான் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். இவன் பந்தை எடுத்து அவன் நடு முதுகில் எறிந்தான். ஓடினவன் குப்புற விழுந்தான். இவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "அவுட்! அவுட்!" என்று துள்ளினான். எல்லேயில் அது அவுட். பேஸ்போலில் அது அடிபிடி. ஒன்பது பேர் இவனை நோக்கி ஓடி வர, இவன் அவர்கள் வாழ்த்தத்தான் வருகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

ஆறு மாதத்தில் பழகிவிட்டான். ஒரு வருடத்தில் தெற்கே ஒரு நகரத்துக் கழகம் அவனை ஒப்பந்தம் எழுதி எடுத்தது. மாதச் சம்பளம், தங்க ஒரு அறை. அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, எறியிறதுக்குச் சம்பளம் தருகினம்! ஊரிலை எறிஞ்சதுக்கு அம்மாவிட்டை அடிதான் வாங்கினனான்."

அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. இரண்டு பருவம் விளையாடினான். இரண்டாவது பருவத்தின் முடிவில் மரக்கறிக் கடைச் சுவரில் யாரோ ஒரு பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். கோயில் திருவிழா அறிவித்தலுக்குப் பக்கத்தில் பெரிய படம். அவன் எறிகிறான். வலது கை காதுக்கும் மேலே, தலைக்கும் மேலே, விரல் நுனிவரை நீண்டு நிற்கிறது. கீழே முழுப்பெயர். அதற்குக் கீழே, இலங்கையிலிருந்து வந்த அகதி.

அப்போது அவனுடைய மனைவிக்கும், அவன் கண்ணால் காணாத மகளுக்கும் விசா கேட்டுக் கோப்புப் போய்க்கொண்டிருந்தது. யாராவது இந்தப் படத்தையும் அந்தக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? நான் துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தேன். முதலாளி என்னோடு சண்டை பிடித்தார், பொறாமை என்றார். தெற்குக்குப் போன் எடுத்து, உடனே வா என்றேன்.

ரெயினில் வந்து இறங்கினான். என் மேசைக்கு முன்னால் நின்று ஒரு மடித்த கடிதத்தை எறிந்தான். அது ஆங்கிலத்தில் இருந்தது. கோச்சின் பழைய கூட்டாளி மூலம், அமெரிக்காவில் ஒரு சின்னத் தொழில்முறைக் கழகம் அவனை அடுத்த வசந்தத்துக்குக் கூப்பிட்டிருந்தது. நான் கிழித்த படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"படத்திலை கை எங்கை நிக்குது எண்டு பார்" என்றேன்.

பார்த்தான். விளங்கிவிட்டது.

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. போகவோ, விடவோ?"

"விடு."

"கொஞ்சக் காலத்துக்கோ, ஒரேயடியாவோ?"

"மனுசியும் பிள்ளையும் வந்து சேரட்டும். பிறகு எங்கையெண்டாலும் போய் எறி. அதுவரைக்கும் கையைக் கீழை வை. ஆர் எங்கை நிண்டு படம் எடுக்கினம் எண்டு தெரியாது."

"ஓம் அண்ணை."

அவ்வளவுதான். இன்னொரு கேள்வி கேட்கவில்லை. நான் அவனுக்காக மட்டும் பயந்தேன் என்று சொன்னால் அது பொய். அந்தக் கையை எழுதியது என் பேனை. கோப்பைத் தோண்டினால் நானும் வெளியே வருவேன் என்ற பயமும் இருந்தது. எது கூட, எது குறைய என்று நான் இன்றுவரை நிறுத்துப் பார்க்கவில்லை.

அவன் மரக்கறிக் கடைக்குத் திரும்பி வந்தான். கடைசிப் பருவத்தில் தோளுக்குள் ஒரு நோ இருந்தது. பயிற்சி செய்தால் மாறிவிடும் என்று தெற்கே சொல்லியிருந்தார்களாம். இங்கே வைத்தியரிடம் போனால் தோளுக்குள் படம் எடுப்பார்கள், இது எறிந்து வந்த நோ என்று கண்டுபிடித்து எழுதிவிடுவார்கள் என்று அவன் பயந்தான். அதுவும் சரிதான் என்று நான் சொன்னேன். வலது பெருவிரலை இடுப்புப் பட்டிக்குள் செருகி வைத்துக்கொள்ளப் பழகினான். பெட்டிகளை இடது தோளில் ஏற்றினான். தலை வாருவதும் இடது கையால். மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தால் கறிவேப்பிலைக் கட்டை எடுத்துக்கொண்டு படியேறினான்.

"ஏன் தம்பி, இப்பல்லாம் எறியறதில்ல? பாவம், எஸ்காலியே ஏறி வர்ற."

"படி ஏறினால் உடம்புக்கு நல்லது மதாம்."

நான் சொன்னதை அவன் சொல்லுக்குச் சொல் கேட்டான். கொஞ்சம் ஏமாற்றியிருக்கலாம். யாரும் இல்லாத இடத்தில் நாலு பந்து எறிந்திருக்கலாம். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கை கீழே என்றால் கீழே. பத்தொன்பது மாதம்.

விசா கிடைத்தது. விமான நிலையத்துக்கு நானும் குளிர்ச்சட்டைகளைக் காவிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு திறந்து அவள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயது. தகப்பனைப் போனில் மட்டும் பார்த்த பிள்ளை, கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு ஓடி வந்தது. அவன் அதைத் தலைக்கு மேலே தூக்கப் போனான். இடது கை மேலே போனது. வலது கை தோளோடு நின்றுவிட்டது. பிள்ளை சரிந்தது. தாய் பாய்ந்து பிடித்தாள். அவன் இன்னொருதரம் முயன்று பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம்தரமும் முயன்றான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"நீங்கள் எழுதினது பலிச்சுப் போட்டுது அண்ணை."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு வைத்தியர்கள், ஊசி, பிடித்து இழுக்கிற சிகிச்சை எல்லாம் நடந்தது. அசைக்காமல் வைத்திருந்ததில் தோள் இறுகிவிட்டது, உள்ளே பழைய கிழிசலும் இருக்கிறது, பிந்தி வந்துவிட்டீர்கள் என்றார்கள். சோறு தின்னலாம், கையெழுத்து வைக்கலாம், பெட்டி தூக்கலாம். தோளுக்கு மேலே மட்டும் இல்லை. அமெரிக்காக் கழகம் ஒரு வசந்தத்துக்குத்தான் கூப்பிட்டிருந்தது. அந்த வசந்தம் எப்போதோ போய்விட்டது. கோச் கொஞ்ச நாள் போன் எடுத்தார். பிறகு அவரே ஓல்னேப் பக்கத்து மைதானத்தில் நடுவர் வேலை பிடித்துக் கொடுத்தார்.

என் கதைக்கு நான் வைத்திருந்த முடிவு இதுதான். பாவம் செய்தேன், ஆனால் அந்தப் பாவத்தால்தான் அவனுக்கு வதிவிடக் கார்த் கிடைத்தது, குடும்பம் வந்தது, மகள் இங்கே படிக்கிறாள். ஒரு கை போய் மூன்று பேர் பிழைத்தார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பல வருடம் நித்திரை கொண்டேன்.

போன மாதம் அவன் ஒரு பை நிறையக் கடதாசிகளைக் கொண்டுவந்து என் வீட்டு மேசையில் வைத்தான். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறானாம். பழையதையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தரவேண்டும். நான் இப்போது ஓய்வு பெற்ற ஆள், நேரத்துக்குக் குறைவில்லை. அடுக்கிக்கொண்டு போகும்போது அந்தத் தீர்ப்பு கையில் வந்தது. ஏழு பக்கம். வேறு வேலை இல்லாததால் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன்.

நான்காம் பக்கத்தில் இருந்தது. கைக் காயம் பற்றிக் கொடுத்த வைத்தியச் சான்றிதழ் எதையும் நிரூபிக்கவில்லை, அதைப் பற்றி மனுதாரர் சொன்னது பொதுப்படையாக இருக்கிறது, அதை ஏற்க முடியாது. அடுத்த பந்தியில், தமையன் கொண்டுபோகப்பட்டதையும், பதினொரு நாளையும், முக்கியமாகச் சுவருக்கு அப்பால் கேட்ட அந்தக் குரலையும் பற்றி அவர் சொன்னவற்றை நீதிமன்றம் நம்புகிறது என்று இருந்தது. அதனால்தான் அகதியாக ஏற்றிருக்கிறார்கள்.

கையை அவர்கள் நம்பவே இல்லை. கை தேவைப்படவும் இல்லை. படத்தைக் கோப்புக்குப் பக்கத்தில் யாராவது வைத்துப் பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. அவன் எறிந்துகொண்டே இருந்திருக்கலாம். இதெல்லாம் அன்றைக்கே என் கையில் இருந்தது. மூன்று பக்கம் பின்னால் திருப்பியிருந்தால் போதும்.

இரண்டு கிழமை யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலை ரூ பெர்தொனேக்குப் போனேன். அவன் கடை வாசலில் வெண்டிக்காய் கொட்டிக்கொண்டிருந்தான். நெற்றியோரம் நரைத்துவிட்டது. நான் தீர்ப்பை நீட்டினேன்.

"இதை நீ வாசிச்சனியோ?"

கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். எது என்று உடனே தெரிந்துவிட்டது.

"மகள் வாசிச்சவள். போன வருசம்."

"முழுக்கவோ?"

"ஓம். நாலாம் பக்கம். 'பப்பா, உங்கடை கையை அவை நம்பேல்லை, பெரியப்பாவைத்தான் நம்பினவை' எண்டு பிரெஞ்சிலை சொன்னவள்."

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி? பிறகு நீங்கள் நித்திரை கொள்ளமாட்டியள். பையைத் தந்தாப் பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. சரி, அண்ணை வழக்கம்போலக் கடைசிப் பக்கம் மட்டும் பாப்பார் எண்டு இருந்திட்டன்."

என்னை மன்னிச்சுக்கொள் என்று சொன்னேன். வாய் குழறியது. வழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஒரு வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்து மற்றதோடு போட்டான். அவனுடைய அந்தப் பழைய வசனத்தைச் சொல்லப்போகிறான் என்று காத்துக்கொண்டு நின்றேன். சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவனுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும்.

"கையை விட்டதெண்டால் போட்டுது எண்டு சொல்லலாம் அண்ணை" என்றான். "இது கையை விட்டே போகேல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

மேலே ஜன்னல் திறந்தது. மதாம் இப்போது மிகவும் தளர்ந்துவிட்டார், குரல் மட்டும் கீழே வருகிறது. அவன் கறிவேப்பிலையும் இரண்டு தேசிக்காயும் எடுத்தான். பாரத்துக்குத் தேசிக்காய் வைக்கத் தேவையில்லை, ஆனால் அந்த வழக்கத்தை அவன் விடவில்லை. "நில்லுங்கோ, குடுத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினான்.

நான் தெருவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடி ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. கையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தோடம்பழம்.

"மதாம் உங்களுக்குக் குடுக்கட்டாம்!"

மேலேயிருந்து கீழே எறியக் கையைத் தூக்கத் தேவையில்லை. நான் தீர்ப்பைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தேன்.

"எறி!" என்று கத்தினேன். "எறியடா!"

அவன் தோடம்பழத்தைப் பார்த்தான். என் கைகளைப் பார்த்தான்.

"உங்களுக்குப் பிடிக்கத் தெரியாது அண்ணை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். மூன்று மாடியும் இறங்கி வந்து அதை என் கையில் வைத்தான்.